நூற்றைம்பதா, நூற்றெண்பதா

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

செல்வத்தோடு இன்றைக்கும் அதே சண்டைதான். நூற்றைம்பதா, நூற்றெண்பதா. மகா காபியை வைத்துவிட்டு, "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செல்வம் அவள் தம்பி. பட்டாளத்திலிருந்து திரும்பி, காரைக்குடியில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறான். அப்பாவின் பழைய ரைபிள் இன்னும் என்னிடம் இருப்பது இந்த வீட்டுக்கும் அவனுக்கும்தான் தெரியும். அப்பா போனதும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம் என்று ஊர் நினைக்கிறது. லைசென்ஸ் என் பெயருக்கு மாறிவந்ததை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சண்டை, காட்டுப்பன்றியைச் சுடப்போகும் குண்டின் எடையைப் பற்றி. மதுரைக் கடையில் வாங்கிய இரண்டு பெட்டி இருக்கிறது. ஒன்றில் குண்டு நூற்றைம்பது கிரெய்ன் (குண்டுக்கு அதுதான் எடைக்கணக்கு), இன்னொன்றில் நூற்றெண்பது. லேசானது வேகமாகப் போகும், உடம்பில் பட்டதும் விரிந்து நின்றுவிடும். கனமானது கொஞ்சம் மெதுவாகக் கிளம்பும், ஆனால் தூரம் போகப் போகக் காற்றுக்கு அசையாது. பன்றி மனித வாடை பட்டாலே ஓடிவிடுகிறது. பம்புசெட் ரூம் மாடியிலிருந்து கண்மாய்க் கரை முன்னூறு மீட்டர். அங்கிருந்துதான் சுட்டாக வேண்டும். ஆகவே கனமானது என்பது என் கட்சி.

சொந்த ஊரில் எனக்கு இருக்கும் மூன்று ஏக்கர் கடலையில் பாதியைப் பன்றிகள் தோண்டிவிட்டன. வனத்துறைக்கு மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோச்சு. நாமே சுடுவது சட்டப்படி குற்றம். தெரியும்.

11 பிப்ரவரி

மில்லில் வேலை இல்லாத நேரத்தில் கணக்குப் போட்டேன். இரண்டு குண்டுக்கும் வித்தியாசம் இரண்டு கிராம்கூட முழுசாக வரவில்லை. சாம்பிள் தராசில் அரிசியை வைத்துப் பார்த்தேன். ஒரு சிட்டிகை பொன்னி. புதுவயல் எடைமேடையில் நாள் முழுக்க லாரி லாரியாக நெல்லை நிறுக்கிறவன், ஒரு சிட்டிகைக்காக மச்சினனோடு மல்லுக்கு நிற்கிறேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

16 பிப்ரவரி, ஞாயிறு

செம்புறாங்கல் வெட்டிக் கைவிட்ட குழியில் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். ஈரத் தவிட்டு மூட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினேன். நூற்றைம்பது மூன்றாவது மூட்டைக்குள்ளேயே குடைக்காளான் மாதிரி விரிந்து கிடந்தது. நூற்றெண்பது எல்லா மூட்டையையும் தாண்டி, பின்னால் கல்லைப் பெயர்த்துவிட்டது.

"பாத்தீகளா அத்தான். இது நிக்காது. பன்னியத் தாண்டிப் போயிரும்" என்றான் செல்வம்.

"உன் நூத்தம்பது அம்புட்டுத் தூரத்துக்குக் காத்துல அலையும் மாப்ள. குடல்ல பட்டு அது கெடந்து சாகணுமா?"

"அப்படின்னா கிட்டப் போயிச் சுடுங்க. இல்ல, சுடாதீக."

கிட்டப் போய்ச் சுடுவதில் என்ன இருக்கிறது? முன்னூறு மீட்டரில் விழவைப்பதில்தானே விஷயம். இதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

2 மார்ச், ஞாயிறு

நூற்றெண்பதுதான். முடிவு பண்ணியாச்சு. செல்வத்துக்குப் போனில் சொன்னேன். "ஒங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டான்.

செவ்வாய் சாயங்காலம் கோயிலில் காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரைக்கும் ஊருக்குள் கோழிகூட அறுக்கக் கூடாது. மஞ்சுவிரட்டு முடிந்து காப்பு அவிழ்ப்பதற்குள் கடலையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் செவ்வாய் விடியலிலேயே வேலையை முடித்துவிட வேண்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. கோயில் காளை மயிலையைக் காப்புக்கு முந்தின நாள் சாயங்காலமே பிடித்துவந்து கோயிலில் கட்டிவிடுவார்கள். மற்ற நாளில் அது சாமி மாடு, எந்தக் காட்டில் மேய்ந்தாலும் யாரும் கை ஓங்க மாட்டோம், எங்கே படுத்திருக்கும் என்று சொல்லவும் முடியாது. செவ்வாய் காலையில் மட்டும் அந்தக் கவலை இல்லை.

4 மார்ச், செவ்வாய். காலை

ஒரே குண்டு. பெரிய கிடாப் பன்றி. நின்ற இடத்திலேயே மடங்கியது. அக்கம்பக்கத்தில் பன்றி விரட்ட வேட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், என் சத்தம் அதோடு சத்தமாகப் போய்விட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியிருந்தது. செல்வம் சொன்னது சரிதான், நான் சொன்னதும் சரிதான். பின்னால் கருவேலம் புதருக்குள் எதுவோ கனமாக நகர்ந்தது. கூட வந்த பன்றியாக இருக்கும். கிடாவைப் பழைய எருக்குழியில் தள்ளி மண்ணை மூடிவிட்டு கோட்டையூர் வீட்டுக்கு வந்து குளித்தேன். எனக்கு இன்றைக்கு ரொம்ப சந்தோஷம்.

அதே நாள். மதியம்

மயிலை கோயில் வாசலில் விழுந்து கிடக்கிறதாம். போன் வந்தது.

பன்றி இல்லை. பன்றி இல்லை அது.

5 மார்ச்

நேற்று மாலையே உயிர் போய்விட்டது. காப்புக் கட்டவில்லை. இந்த வருஷம் திருவிழாவே இல்லை.

மாட்டைப் பார்த்துக்கொள்கிற சோணைமுத்து அண்ணன் திங்கட்கிழமை சாயங்காலம் பிடிக்கப் போயிருக்கிறார். அது கண்மாய்க்குள் நின்று வரமாட்டேன் என்றதாம். எட்டு நாள் கட்டிப்போடப் போகிறோமே, இன்னும் ஒரு ராத்திரி காலாற இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுகிறார். "நான் கட்டிருக்கணும், நான் கட்டிருக்கணும்."

கோயில் வாசலில் பந்தல் போட்டு, கொம்புக்குச் சந்தனம் பூசி, சாவுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தார்கள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மாலையும் வேட்டியும் கொண்டுவந்தது. பெண்கள் மாரடித்தார்கள். நானும் ஒரு வேட்டி வாங்கிப்போய்ப் போர்த்தினேன். கடையில் நல்ல வேட்டியாகப் பார்த்து எடுத்தேன் – எதற்கு இதை எழுதுகிறேன்?

முன்னத்தங்காலுக்குப் பின்னால் ஒற்றை ஓட்டை. துப்பாக்கி என்று குழந்தைக்கும் தெரியும். கால்நடை டாக்டர் அறுத்துப் பார்க்கிறேன் என்றார். எங்கள் ஊருக்குத் தலைமையான சேவுகன் அம்பலம், "சாமி ஒடம்புல கத்தி படக்கூடாது. போலீசும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஊரு பாத்துக்கிரும்" என்று சொல்லிவிட்டார். குண்டோடு புதைத்தார்கள்.

மகா ஊர்க்காரர்களோடு செல்வமும் மாலை கொண்டுவந்தான். குனிந்து போட்டவன், அந்த ஓட்டை பக்கத்திலேயே கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றான். நிமிர்ந்த பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

7 மார்ச்

சாப்பாடு இறங்கவில்லை. மகா வயிற்றுக்கு என்னவோ என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

நூற்றைம்பது போட்டிருந்தால் பன்றிக்குள்ளேயே நின்றிருக்கும். ஒரு சிட்டிகை அரிசி.

9 மார்ச், ஞாயிறு

ஊரில் பேச்சு ஒரே பக்கமாகத் திரும்பிவிட்டது. மகா ஊர்தான் செய்தது என்கிறார்கள். போன வருஷ மஞ்சுவிரட்டில் அவர்கள் ஊர்ப் பையன்கள் யாராலும் மயிலையைத் தொட முடியவில்லை. செல்வத்தைத் தொடையில் குத்தித் தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது வலியில், "இந்த மாட்டை நான் விட மாட்டேன்" என்று அவன் கத்தியதை நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். அவன் பட்டாளத்துக்காரன். கையில் துப்பாக்கி இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

அவன் வங்கித் துப்பாக்கிக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். ஊருக்குத் துப்பாக்கி என்றால் துப்பாக்கி.

மகா சந்தைக்குப் போனபோது எங்கள் ஊர்ப் பெண்கள் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். "எந்தம்பி அப்புடிச் செய்வானாங்க? நீங்க சொல்லுங்க" என்று கேட்டாள். செய்ய மாட்டான் என்றேன்.

12 மார்ச்

மஞ்சுவிரட்டு நடந்திருக்க வேண்டிய நாள். மில்லில் ஒரு லாரியை இரண்டு தடவை நிறுத்தேன், இரண்டு தடவையும் எண்ணைத் தப்பாக எழுதினேன்.

இரண்டு ஊரும் பேசி முடிவுக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கருப்பர் கோயிலில் மகா ஊரில் துப்பாக்கி தொட்டவர்கள் எல்லாரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். நல்லதுதான். செல்வம் தப்புச் செய்யாதவன், தாராளமாகக் கையை வைப்பான். அதோடு பேச்சு அடங்கிவிடும். அதன்பிறகு நான் மெதுவாக...

மெதுவாக என்ன செய்வேன்?

14 மார்ச், வெள்ளி

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

கல்லின்மேல் சூடத்தை ஏற்றினார்கள். சத்தியத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வாசகம் உண்டு. "நான் செய்யல. செஞ்சவன் யாருன்னும் எனக்குத் தெரியாது." இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளங்கையால் அணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் செல்லாது.

முதலில் செல்வத்தைத்தான் கூப்பிட்டார்கள். ஈர வேட்டியோடு வந்தான். நெருப்புக்கு மேல் கையை நீட்டினான். "நான் செய்யல" என்றான். நல்ல சத்தமாக, பட்டாளத்துக் குரலில்.

அப்புறம் நின்றுவிட்டான்.

"மிச்சத்தையும் சொல்லுப்பா" என்றார் அம்பலம்.

கை சூட்டிலேயே இருந்தது. அவன் உதடு அசைந்தது. சூடத்தைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்விட்டான்.

கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. சோணைமுத்து அண்ணன் மண்ணை வாரி அவன் போன திசையில் வீசினார். அவன் ஊர்க்காரர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஏன் எடுத்தான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். செல்வத்துக்குத் தெரியும் செஞ்சவன் யாருன்னு. தெரியாதுன்னு கருப்பர் முன்னாடி அவனால சொல்ல முடியல. தெரியும்னு சொன்னா யாருன்னு கேப்பாங்க. அக்கா புருஷன்னு சொல்லணும். ஒரு வாய் திறந்தா போதும் அவனுக்கு. தொறக்கல. நான் கூட்டத்துக்குள்ள புளியமரத்து ஓரமா நின்னுக்கிட்டு இருந்தேன். ச்சீ.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. மகா சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "அப்ப அவந்தானா? அவந்தானாங்க? எங்கப்பா இருந்திருந்தா நாண்டுக்கிட்டுச் செத்துருப்பாரு" என்றாள். தம்பி செய்திருக்கிறான் என்று நம்பிவிட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். இந்தக் கையால்.

15 மார்ச்

செல்வத்தை வங்கியில் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். போன் போட்டேன். எடுத்தான். "மாப்ள" என்றேன். "அக்கா சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டான்.

சாப்பிடவில்லை என்றேன். வைத்துவிட்டான்.

16 மார்ச், ஞாயிறு

முதலில் மகாவிடம் சொன்னேன். காலையில், அவள் வாசல் தெளித்துவிட்டு வந்ததும். சுற்றி வளைக்கவில்லை. "மயிலைய நான்தான் சுட்டேன். பன்னியத் தாண்டிப் போயிருச்சு."

வாளியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "நேத்து அவன் போன் பண்ணான். நான் எடுக்கல" என்றாள். பிறகு, "கூடப் பொறந்தவன நானே சந்தேகப்பட்டுட்டேன். அத எம்மனசுலருந்து உங்களால எடுக்க முடியுமா?" என்றாள்.

பத்து மணிக்கு ஊருக்குப் போனேன். கோயில் வாசலில் அம்பலமும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். சோணைமுத்து அண்ணன் கட்டுத்தறியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாடு இல்லாத கட்டுத்தறி.

சொன்னேன். அம்பலம் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார். "மச்சினனக் காப்பாத்த வந்தியாக்கும். பொண்டாட்டி அழுகையத் தாங்க முடியல போலருக்கு. போப்பா, வெயிலுக்கு முந்தி வீடு போய்ச் சேரு."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இத்தனை நாள் சொல்லப் பயந்தவன், சொன்ன பிறகு யாருமே நம்பாமல் நிற்கிறேன்! "அப்பா துப்பாக்கி எங்கிட்டத்தான் இருக்கு" என்றேன். இருந்தால் செல்வம் வாங்கிப் போய்ச் சுட்டிருப்பான் என்றான் ஒருத்தன். நான் அழுத அழுகையைக்கூட மச்சினன் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில், "எங்கூட வாங்க" என்று கூப்பிட்டுப் போனேன். எருக்குழியை நானே தோண்டினேன். யாரையும் மண்வெட்டி தொடவிடவில்லை. நாற்றத்துக்கு எல்லாரும் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். கிடாவைப் புரட்டி, குண்டு நுழைந்த இடத்தையும் விலாவை உடைத்துக்கொண்டு வெளியேறிய இடத்தையும் காட்டினேன். பம்புசெட் மாடியைக் காட்டினேன். நடுவில் பன்றி, நேர் பின்னால் கருவேலம் புதர். அங்கே மாடு படுத்துப் படுத்துக் குழிந்த இடம் இன்னும் அப்படியே இருந்தது. அதன்மேல் காய்ந்த ரத்தம்.

வாய்க்கு வந்ததை நானே பேசினேன். நூற்றைம்பது, நூற்றெண்பது, தவிட்டு மூட்டை, காற்று, தூரம், லேசான குண்டைப் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது...

சோணைமுத்து அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, அதெல்லாம் எனக்கு வெளங்காது. நீ சுடும்போது எம்மாடு நின்னுச்சா, படுத்துருந்துச்சா?"

"பாக்கலண்ணே."

"பாக்காமயா சுட்ட?"

அவ்வளவுதான் கேட்டார். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நான் இன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

17 மார்ச்

மகா தன் ஊருக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

நான் ரைபிளையும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பன்றிக்கு வனத்துறையில் ஒரு வழக்கு, துப்பாக்கிக்கு இங்கே ஒரு வழக்கு. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மில் முதலாளி வந்து ஜாமீனுக்கு ஏற்பாடு செய்தார். "ஒனக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

23 மார்ச், ஞாயிறு

ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. மயிலைக்குப் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் மொட்டை போட்டேன், மகன் போடுகிற மாதிரி. அடுத்த மாசிக்குள் கோயிலுக்கு ஒரு கன்றை நான் வாங்கி விட வேண்டும். வளர்ப்பது சோணைமுத்து அண்ணன்தான், நான் அதன்மேல் கைவைக்கக் கூடாது.

செல்வத்தின் ஊருக்கு எங்கள் அம்பலமே நேரில் போய்த் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வருத்தம் சொன்னார். நானும் போனேன். செல்வம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். போட்டுக்கொண்டே இருந்தான்.

20 ஏப்ரல், ஞாயிறு

மகா வந்துவிட்டாள். பெட்டியை வைத்துவிட்டு நேராகப் போய் உலை வைத்தாள். சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்தாள். பேச்சு இன்னும் அளவாகத்தான் இருக்கிறது.

அவனுக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டதாம், வேறொரு வங்கியில். அதை அவளே சொன்னாள்.

27 ஜூலை, ஞாயிறு

ஆனி மழைக்கு விதைத்த கடலை நன்றாக முளைத்திருக்கிறது. காலையில் நானும் மகாவும் களை பார்க்கப் போயிருந்தோம். பைக் சத்தம் கேட்டுத் திரும்பினால், செல்வம். அக்காவைப் பார்க்க வந்ததாகச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வரப்பில் வந்து உட்கார்ந்தான். அவன் என்னோடு பேசி நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"கையக் காட்டு" என்றேன். காட்டினான். உள்ளங்கையில் வழுவழுப்பாக ஒரு தழும்பு. அன்றைக்குச் சூடத்துக்கு மேல் அவ்வளவு நேரம் வைத்திருந்தானே.

"ஒண்ணுமில்ல அத்தான்" என்றான். பிறகு, "நூத்தம்பது போட்டிருந்தீகன்னா..." என்று ஆரம்பித்தான். எனக்கு ஆறுதலாகத்தான் சொல்லவந்தான் என்று நினைக்கிறேன்.

"நூத்தம்பது போட்டிருந்தாலும் நான் பாக்காமத்தான் சுட்டிருப்பேன் மாப்ள."

அவன் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கன்று வந்தது. போன வாரம் கோயிலுக்கு விட்டது, இதுவும் மயிலைதான். கண்மாய்க் கரையிலிருந்து நேராக இறங்கி என் கடலைக்குள் வந்து இளஞ்செடியாகப் பார்த்துத் தின்ன ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினேன். மகா என்னைப் பார்த்தாள். இறக்கிவிட்டேன்.

அது ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. நான் அதற்குப் பின்னால் பார்த்தேன். கருவேலம் புதர். புதருக்குப் பின்னால், கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சோணைமுத்து அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.